திரைக்குத் திரை மாறும் எழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸில் ஓடும் பில்லிங், சரக்கு இருப்பு மென்பொருள்கள் எழுதும் சின்னக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். அதே மென்பொருளுக்கு பிரவுசர் வடிவமும் உண்டு. குழுவில் புதிதாகச் சேர்பவர்கள், கடை கடையாகப் போய் இன்ஸ்டால் செய்பவர்கள், வேறு இடங்களில் இதே வேலை பார்க்கும் நண்பர்கள் என்று யார் கேட்டாலும் எழுத்துரு பற்றிய சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி இவைதான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் விண்டோஸ் திரைகள் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் டாட்நெட் வின்ஃபார்ம்ஸிலிருந்து வரும், கைப்பழக்கம் அப்படி. மற்ற கருவிகளில் எழுதுபவர்களுக்கும் கணக்கு ஒன்றேதான்.

1. ரெண்டு மானிட்டருமே 1920 x 1080 தான். அப்புறம் எழுத்து ஏன் ஒண்ணுல பெரிசா, ஒண்ணுல சின்னதா தெரியுது?

ரெசல்யூஷன் என்பது எத்தனை புள்ளிகள் என்று மட்டும் சொல்கிறது. அந்தப் புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக அடைக்கப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்வதில்லை. 24 அங்குல மானிட்டரில் 1920 x 1080 என்றால் அங்குலத்துக்கு சுமார் 92 பிக்சல். அதே 1920 x 1080 ஒரு 15.6 அங்குல லேப்டாப்பில் சுமார் 141 பிக்சல். 12 பிக்சல் உயரமுள்ள எழுத்து முதல் திரையில் 3.3 மில்லிமீட்டர் வரும், இரண்டாவதில் 2.2 மில்லிமீட்டர்தான். கல்லாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது எறும்பு மாதிரி.

இதைச் சரிக்கட்டத்தான் விண்டோஸ் ஸ்கேலிங் இருக்கிறது. அந்த லேப்டாப்பில் 150% வைத்தால் 12 பிக்சல் எழுத்து 18 பிக்சல் ஆகும், உயரம் 3.2 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். 24 அங்குலத் திரையில் 100% வைத்தால் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதேதான். ஆக, "ஒரே அளவு" வேண்டும் என்றால் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஸ்கேலிங் சதவீதம் வேறுவேறாக இருப்பதுதான் முறை. எல்லாக் கணினியிலும் 100% வைத்துவிடச் சொல்லி வாடிக்கையாளரிடம் சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், கண் அவருடையது.

2. 125%, 150% வெச்சா உள்ள என்ன நடக்குது? சைஸை பாயிண்ட்ல குடுக்கணுமா, பிக்சல்லயா?

விண்டோஸின் அடிப்படைக் கணக்கு 96 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 96 புள்ளி. 125% வைத்தால் அது 120 ஆகும், 150% வைத்தால் 144, 200% வைத்தால் 192. ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-ல் ஒரு பங்கு. பாயிண்ட் அளவை டிபிஐயால் பெருக்கி 72-ஆல் வகுத்தால் பிக்சல் வந்துவிடும். 9 பாயிண்ட் எழுத்து 100 சதவீதத்தில் 12 பிக்சல், 125-ல் 15, 150-ல் 18. இங்கே சொல்லும் அங்குலம் ஸ்கேல் வைத்து அளக்கும் அங்குலம் இல்லை, விண்டோஸ் கற்பனை செய்துகொள்ளும் அங்குலம். முதல் கேள்வியில் பார்த்த 92-ம் 141-ம் அதற்குத் தெரியாது.

வின்ஃபார்ம்ஸில் பாயிண்ட்டில் கொடுங்கள், அதுதான் அங்கே இயல்பு. பிக்சலில் கொடுத்தால் ஸ்கேலிங் மாறினாலும் எழுத்து அசையாமல் நிற்கும். மைக்ரோசாஃப்டின் இன்னொரு திரைக் கருவியான டபிள்யூபிஎஃப்-இல் அளவு எண் 96-ல் ஒரு பங்கு அங்குலத்தில் எண்ணப்படுகிறது, அங்கே 12 என்றால் இங்கே 9 பாயிண்ட். ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணை அப்படியே காப்பி செய்து ஒட்டிவிட்டு "எழுத்து சின்னதாயிடுச்சு" என்று சொல்பவர்களில் பாதிப் பேரின் சிக்கல் இது.

3. எல்லா கம்ப்யூட்டர்லயும் அச்சு அசலா ஒரே மாதிரி வர வைக்க முடியுமா, முடியாதா? நேரா சொல்லுங்க.

முடியாது. ஆனால் அதற்காகக் கவலைப்படவும் தேவையில்லை. திரையில் ஒரு எழுத்து தெரிவதற்குப் பின்னால் மூன்று முடிவுகள் இருக்கின்றன: எந்த எழுத்துருக் கோப்பு, என்ன அளவு, அந்த வளைவுகளைப் புள்ளிகளாக எப்படி வரைவது. முதல் இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. மூன்றாவது இயங்குதளத்தின் வேலை.

விண்டோஸின் கிளியர்டைப் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி ஓரங்களைக் கூர்மையாக்குகிறது. ஆப்பிள் அந்த முறையை 2018-ல் வந்த மொஜாவே பதிப்பிலிருந்து கைவிட்டுவிட்டது. மேக்கில் ஓரங்கள் சாம்பல் நிறத்தில் மட்டும் மென்மையாகும். விண்டோஸுக்குள்ளேயே, எழுத்தை வரையும் பகுதிகளில் பழைய ஜிடிஐ வரைவது ஒரு மாதிரி, விண்டோஸ் 7-உடன் வந்த டைரக்ட்ரைட் வரைவது இன்னொரு மாதிரி. ஜிடிஐ ஒவ்வொரு எழுத்தின் அகலத்தையும் முழு பிக்சலுக்குத் தள்ளிவிடும். இந்த வித்தியாசத்தோடு மல்லுக்கட்டுவது வீண். எழுத்து வாசிக்கும்படி இருக்கிறதா, கட்டங்கள் உடையாமல் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்த முதல் இரண்டு முடிவுகளைப் பற்றியவைதான்.

4. கஸ்டமர் லேப்டாப்ல எங்க சாஃப்ட்வேர் மட்டும் மங்கலா இருக்கு. குரோம், எக்செல் எல்லாம் பளிச்சுன்னு இருக்கே?

உங்கள் நிரல் "எனக்கு டிபிஐ தெரியும்" என்று விண்டோஸிடம் சொல்லவில்லை. சொல்லாத நிரலை விண்டோஸ் 96 டிபிஐ உலகத்திலேயே ஓடவிட்டு, அது வரைந்து முடித்த படத்தை எடுத்து 125-க்கோ 150-க்கோ இழுத்துக் காட்டும். சின்ன போட்டோவை ஃபிளெக்ஸ் பேனருக்குப் பெரிதாக்கின மாதிரி ஓரங்கள் கரைந்துவிடும். எழுத்துருவை மாற்றுவதாலோ தடிமனாக்குவதாலோ இது சரியாகாது.

நிரலோடு போகும் மேனிஃபெஸ்ட் கோப்பில் டிபிஐ அறிவிப்பு வேண்டும். விஸ்டா காலத்தில் வந்தது "சிஸ்டம் அவேர்": லாகின் செய்தபோது பிரதான திரையின் டிபிஐ என்னவோ அதை மட்டும் அறியும். விண்டோஸ் 8.1-இல் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாக அறியும் முறை வந்தது. 2017-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பில் அதன் இரண்டாம் வடிவம், "பெர் மானிட்டர் வி2", சேர்ந்தது. டாட்நெட் 6 அல்லது அதற்கு மேல் என்றால் புராஜெக்ட் கோப்பில் ஒரே வரி.

மூலநிரல் கையில் இல்லாத பழைய நிரலா? இயங்கு கோப்பின் பிராப்பர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ் என்று போய், "சிஸ்டம் (என்ஹான்ஸ்ட்)" தேர்ந்து பாருங்கள். ஜிடிஐ கொண்டு வரையும் நிரல்களில் எழுத்து நன்றாகவே தெளியும். படங்களும் ஐகான்களும் மங்கலாகவே இருக்கும். இன்னொன்று: வாடிக்கையாளர் "மங்கலா இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி முடிவெடுக்காதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும், நல்ல எழுத்தும் அதில் மங்கலாகத் தெரியும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

5. மேனிஃபெஸ்ட் போட்டேன், எழுத்து தெளிஞ்சிடுச்சு. ஆனா இப்ப லேபிள் எல்லாம் பாதியில வெட்டுப்படுது!

எதிர்பார்த்ததுதான். அதுவரை விண்டோஸ் மொத்தமாக இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தது, விகிதம் கெடவில்லை. இப்போது எழுத்து 12 பிக்சலிலிருந்து 15-க்குப் போய்விட்டது, நீங்கள் எண் போட்டு வைத்த கட்டம் அங்கேயே நிற்கிறது. ஃபார்மின் ஆட்டோஸ்கேல்மோட் "நன்" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது "ஃபான்ட்" அல்லது "டிபிஐ" என்று இருக்க வேண்டும். ஃபார்ம் ஒரு முறையிலும் அதற்குள் வைத்த யூசர் கன்ட்ரோல் வேறொரு முறையிலும் இருந்தால் பாதி வளரும், பாதி வளராது.

இரண்டில் எது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய விஷயம் இருக்கிறது. "ஃபான்ட்" முறை எழுத்துருவின் சராசரி எழுத்து அகலத்தையும் உயரத்தையும் அளந்து அந்த விகிதத்தில் ஃபார்மை வளர்க்கிறது. பழைய வின்ஃபார்ம்ஸின் இயல்பு எழுத்துருவான மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25 பாயிண்ட் 100 சதவீதத்தில் அகலம் 6, உயரம் 13 என்று அளக்கப்படும். 125 சதவீதத்தில் 8-ம் 16-ம். 6-லிருந்து 8 என்றால் அகலம் 33% கூடுகிறது, 13-லிருந்து 16 என்றால் உயரம் 23%தான். நீங்கள் கேட்டது 25%. ஜிடிஐ முழு பிக்சலுக்குத் தள்ளுவதன் விளைவு இது. சதுரமாக வைத்த ஐகான் பட்டன் செவ்வகமாகிவிடும், ஆனால் எழுத்து கட்டத்துக்குள் அடங்கும். "டிபிஐ" முறையில் இரண்டு பக்கமும் சரியாக 25% வளரும், சதுரம் சதுரமாகவே இருக்கும், ஆனால் நீளமான லேபிளின் கடைசி எழுத்து சில சமயம் விளிம்பைத் தொடும்.

என் தேர்வு: எழுத்து நிறைந்த ஃபார்ம்களுக்கு "ஃபான்ட்", படமும் பட்டனும் நிறைந்த பில்லிங் திரைக்கு "டிபிஐ". எதுவானாலும் லேபிளுக்கு ஆட்டோசைஸ் வையுங்கள், கட்டங்களை டேபிள் லேஅவுட் பேனலுக்குள் போடுங்கள். அகலத்தை எண்ணால் இறுக்கிவைத்த ஃபார்ம் என்றைக்காவது ஒரு நாள் வெட்டுப்படத்தான் செய்யும்.

6. எங்க டீம்ல நாலு பேர். யாராவது ஒருத்தர் ஃபார்மைத் திறந்து சேவ் பண்ணினாலே எல்லா கட்டமும் நகர்ந்துடுது. யார் மேல தப்பு?

யார் மேலும் இல்லை, விஷுவல் ஸ்டூடியோவுக்குள் ஃபார்மை வரையும் பகுதியான டிசைனர் மேல்தான். விஷுவல் ஸ்டூடியோ 150% திரையில் ஓடினால், ஃபார்மைத் திறந்ததுமே அதை அந்த டிபிஐக்கு வளர்த்துவிடும். சேவ் செய்தால் வளர்ந்த எண்கள் டிசைனர் கோப்பில் எழுதப்பட்டுவிடும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் பாருங்கள்: ஒரு லேபிளின் வாசகத்தை மட்டும் மாற்றியவரின் கமிட்டில் இருநூறு வரி மாறியிருக்கும். ஆட்டோஸ்கேல்டைமென்ஷன்ஸ் வரியில் 6, 13 என்று இருந்தது 8, 16 ஆகியிருந்தால் 125% திரையில் சேவ் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வரி ஒரு கைரேகை மாதிரி காட்டிக்கொடுக்கும்.

வழி எளிது. மொத்தக் குழுவும் டிசைனரை 100 சதவீதத்தில்தான் திறப்பது என்று முடிவு செய்யுங்கள். விஷுவல் ஸ்டூடியோவே மேலே மஞ்சள் பட்டையில் "100% ஸ்கேலிங்கில் மறுபடி தொடங்கவா" என்று கேட்கும். அதை மூடிவிடாமல் சம்மதியுங்கள். புதிய பதிப்புகளில் டிசைனரை மட்டும் 96 டிபிஐயில் ஓட்ட புராஜெக்ட் கோப்பில் ஓர் அமைப்பும் உண்டு. எடிட்டர் எழுத்து மங்காது, அதுவே நல்லது. ரிவ்யூ செய்பவர் அந்த ஒரு வரி மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

7. லேப்டாப்புல நல்லா இருக்கு. வெளி மானிட்டருக்கு விண்டோவை இழுத்துட்டுப் போனா எழுத்து திடீர்னு குண்டாகிடுது, இல்லன்னா மங்குது.

நான்காம் பதிலில் சொன்ன "சிஸ்டம் அவேர்" நிலையில் உங்கள் நிரல் இருக்கிறது. 150% லேப்டாப்பில் தொடங்கியது, 100% மானிட்டருக்குப் போனதும் விண்டோஸ் அந்தப் படத்தைச் சுருக்கிக் காட்டுகிறது. "பெர் மானிட்டர் வி2" அறிவித்தால், திரை மாறும்போது உங்கள் நிரலுக்கு ஒரு செய்தி வரும். புதிய டிபிஐ எவ்வளவு, விண்டோ எந்த இடத்தில் எந்த அளவில் இருக்கலாம் என்று விண்டோஸே பரிந்துரைக்கும். அந்தப் பரிந்துரையை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். சொந்தமாகக் கணக்குப் போட்டால் இரண்டு திரைகளின் எல்லையில் விண்டோ முன்னும் பின்னும் துள்ளும் வேடிக்கையைப் பார்க்கலாம்.

அறிவித்ததோடு முடியாது. நிரல் தொடங்கும்போது ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்ட எழுத்துரு, அளந்து வைத்த வரி உயரம், கிரிட்டின் வரிசை உயரம் எல்லாம் பழைய டிபிஐயிலேயே நிற்கும். அவற்றை மறுபடி கணக்கிட வேண்டும். எங்கள் அனுபவத்தில் கடைசி வரை தொல்லை கொடுப்பது வெளியிலிருந்து வாங்கிய கிரிட் கன்ட்ரோல்கள்தான். அவை ஒத்துழைக்காவிட்டால் "சிஸ்டம் அவேர்" நிலையிலேயே நிறுத்திக்கொள்வது தப்பில்லை. கடைகளில் பெரும்பாலும் ஒரே மானிட்டர்தான்.

8. டாட்நெட் ஃப்ரேம்வொர்க்ல இருந்து டாட்நெட் 6-க்கு மாத்தினோம். ஒண்ணுமே தொடல, எல்லா ஃபார்மும் பெரிசாயிடுச்சு.

இயல்பு எழுத்துரு மாறிவிட்டது. டாட்நெட் கோர் 3.0-லிருந்து மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25-க்குப் பதிலாக செகோ யூஐ 9 பாயிண்ட். ஐந்தாம் பதிலில் பார்த்த 6, 13 என்ற அளவு இதற்கு 7, 15. "ஃபான்ட்" முறையில் இருக்கும் ஃபார்ம்கள் அந்த விகிதத்தில் வளர்ந்துவிட்டன. டாட்நெட் 6-ல் மொத்த நிரலுக்கும் இயல்பு எழுத்துருவை ஒரே இடத்தில் குறிப்பிடலாம். பழையதையே வைத்து முதலில் வெளியிட்டுவிட்டு, பிறகு நிதானமாக செகோவுக்கு மாறுங்கள்.

9. கோடுல லதா ஃபான்ட்னு தெளிவா குடுத்திருக்கேன். சில கம்ப்யூட்டர்ல மட்டும் வேற எழுத்து வருது, எர்ரரும் வரல.

எர்ரர் வராததுதான் இதில் பெரிய கோளாறு. வின்ஃபார்ம்ஸில் இல்லாத எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் அது சத்தமில்லாமல் மைக்ரோசாஃப்ட் சான்ஸ் செரிஃபுக்குப் போய்விடும். அதில் தமிழ் கிடையாது. தமிழ் எழுத்துகளை மட்டும் வேறொரு எழுத்துருவிலிருந்து விண்டோஸ் கடன் வாங்கிக் காட்டும். எழுத்துருவை உருவாக்கிய கையோடு, கிடைத்த பெயரும் கேட்ட பெயரும் ஒன்றா என்று சோதித்து, இல்லையென்றால் லாக் கோப்பில் ஒரு வரி எழுதுங்கள். பத்து நிமிட வேலை, பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

லதா விண்டோஸ் 2000 காலத்திலிருந்து வருவது. விண்டோஸ் 7-உடன் விஜயா வந்தது, விண்டோஸ் 8-உடன் நிர்மலா யூஐ வந்தது. விண்டோஸ் 10-இல் லதாவும் விஜயாவும் விருப்பத் தொகுப்புக்குத் தள்ளப்பட்டுவிட்டன. தமிழ் மொழியைச் சேர்க்காத புதுக் கணினியில் அவை இருக்காது. நிர்மலா எல்லாவற்றிலும் இருக்கும். மேக்கில் இவை எதுவுமே கிடையாது, அங்கே தமிழ் சங்கம் எம்என், இணைமதி. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ்.

10. அப்ப ஃபான்ட் கோப்பையே சாஃப்ட்வேரோட சேர்த்து அனுப்பிடலாமே?

அனுப்பலாம், அதுதான் மூன்றாம் பதிலில் சொன்ன முதல் முடிவை உங்கள் கைக்குள் கொண்டுவரும் வழி. ஆனால் எந்தக் கோப்பு என்பது முக்கியம். செகோ யூஐ, நிர்மலா யூஐ போன்றவை விண்டோஸோடு வந்தவை. உங்கள் கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் கிடக்கின்றன என்பதற்காக எடுத்து இன்ஸ்டாலரில் வைக்க உரிமை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் ஆகியவை ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் வருபவை. மென்பொருளோடு சேர்த்து அனுப்பலாம், விற்கும் மென்பொருளானாலும் சரி. எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது, லைசென்ஸ் வாசகத்தையும் கூடவே வைக்க வேண்டும்.

விண்டோஸில் இன்ஸ்டால் செய்யாமல், உங்கள் நிரல் ஓடும்போது மட்டும் எழுத்துருவை ஏற்றிக்கொள்ள வழி இருக்கிறது. வின்ஃபார்ம்ஸில் ஒரு கண்ணி உண்டு: நினைவகத்திலிருந்து ஏற்றிய எழுத்துரு ஜிடிஐ பிளஸ் வரையும் இடங்களில் மட்டும் தெரியும், சாதாரண லேபிளில் தெரியாது. "கம்பேட்டிபிள் டெக்ஸ்ட் ரெண்டரிங்"கை இயக்கினால் தெரியும். தடித்த எழுத்துக்குத் தனிக் கோப்பு வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் இயங்குதளம் சாதாரண எழுத்தையே பக்கவாட்டில் இழுத்துத் தடிக்க வைக்கும். தமிழில் சுழிகள் அடைத்துப்போகும், "ணை"யும் "னை"யும் ஒன்றாகத் தெரியும்.

11. இங்கிலீஷ் நல்லா இருக்கு. தமிழ் மட்டும் சின்னதா வருது, இல்லன்னா மேலயும் கீழயும் வெட்டுப்படுது. சைஸ் ஒண்ணுதான்!

ஒரே பாயிண்ட் அளவு என்பது ஒரே உயரம் என்று ஆகாது. அந்தக் கற்பனைச் சதுரத்துக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது வடிவமைப்பாளரின் விருப்பம். லதா அகலமாக, பெரிதாக இருக்கும். அதே அளவில் விஜயா பார்க்கச் சிறியது. ஒன்பதாம் பதிலில் சொன்ன மாதிரி கணினிக்குக் கணினி எழுத்துரு சத்தமில்லாமல் மாறினால் அளவு மாறினது போலவே தோன்றும்.

வெட்டுப்படுவதற்குக் காரணம் வேறு. ஆங்கிலத்தை வைத்து 20 பிக்சல் உயரம் குறித்த கட்டத்தில் "கீ"யின் மேற்கொக்கியும் "ஸ்ரீ"யின் கீழ்ப்பகுதியும் இடம் கேட்கும். சோதிப்பதற்கு "அஆஇ" போதாது. எங்கள் சோதனைச் சொற்கள்: ஸ்ரீ, கீழ், மூட்டை, நூறு, ஜூலை, ஹோட்டல், கொள்முதல் விலைப்பட்டியல். கடைசிச் சொற்றொடர் உயரத்துக்காக இல்லை, அகலத்துக்காக. "பர்ச்சேஸ் இன்வாய்ஸ்" ஆங்கிலத்தில் அடைத்துக்கொள்ளும் இடத்தைவிட அது நீளம்.

12. ஒரே ஃபான்ட் கோப்பு, ஒரே சைஸ். மேக்ல எழுத்து பட்டனுக்கு நடுவுல நிக்குது, விண்டோஸ்ல கொஞ்சம் கீழ இறங்கிடுது. எப்படி?

எழுத்துருக் கோப்புக்குள் "எழுத்து நிற்கும் கோட்டுக்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு" என்று சொல்லும் எண்கள் ஒன்றல்ல, மூன்று தொகுதிகளாக இருக்கின்றன. மேக் ஒன்றைப் பார்க்கும், விண்டோஸ் பொதுவாக இன்னொன்றைப் பார்க்கும். மூன்றும் பொருந்தும்படி செய்யப்பட்ட எழுத்துரு இரண்டிலும் ஒரே இடத்தில் நிற்கும். பொருந்தாதது இறங்கும், ஏறும். எழுத்துருக்களைத் திருத்தும் ஃபான்ட்ஃபோர்ஜில் கோப்பைத் திறந்து பார்த்தால் எண்கள் தெரிந்துவிடும்.

பட்டனுக்கு மேலே இரண்டு பிக்சல் கூட்டி ஒட்டுப்போட வேண்டாம். அது 150 சதவீதத்தில் வேறு விதமாகக் கெடும். எண்கள் ஒழுங்காக இருக்கும் எழுத்துருவுக்கு மாறிவிடுவது குறைந்த செலவு.

13. வெப் வெர்ஷன்ல என்ன செய்யணும்? அங்கயும் இவ்ளோ பாடா?

பாதி பாடு பிரவுசரே படுகிறது. அங்கே பிக்சல் என்பது நிஜப் புள்ளி இல்லை, 96-ல் ஒரு பங்கு அங்குலம் என்ற கணக்கு அலகு. ஸ்கேலிங்குக்கு ஏற்ப அது தானாக வளரும். எழுத்து அளவை மட்டும் ரெம் அலகில் கொடுங்கள், அது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவின் மடங்கு. பிரவுசர்களின் இயல்பு அளவு 16. அதை 20 ஆக மாற்றி வைத்திருக்கும் பயனருக்கு ரெம் வளரும், பிக்சலில் கொடுத்தது வளராது.

எழுத்துருக் கோப்பை உங்கள் சர்வரிலிருந்தே கொடுங்கள். அறிவிக்கும் இடத்தில் "லோக்கல்" என்று போட்டு பயனரின் கணினியில் இருப்பதையே எடுத்துக்கொள்ளச் சொன்னால், அதே பெயரில் பழைய பதிப்பு இருந்து எழுத்தின் அகலம் மாறிப்போகலாம். தமிழுக்கு ஒரு கோப்பு, ஆங்கிலத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்து யூனிகோட் எல்லையைக் குறித்துவிட்டால், தேவைப்படும் கோப்பு மட்டும் இறங்கும். தமிழ் சின்னதாகத் தெரிந்தால் "சைஸ்-அட்ஜஸ்ட்" கொண்டு அந்த எழுத்துருவை மட்டும் 110% ஆக்கலாம். இணையத்தில் எல்லோரும் காப்பி அடிக்கும் "ஃபான்ட் ஸ்மூத்திங்" வரி இருக்கிறதே, அது மேக்கில் மட்டும் வேலை செய்யும். விண்டோஸ் மங்கலுக்கு அதைப் போட்டுப் பயனில்லை.

14. பழைய டேட்டாபேஸ்ல பாமினில டைப் பண்ணின பேர்லாம் இருக்கு. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல ஏதோ இங்கிலீஷ் எழுத்தா தெரியுது.

அது எழுத்துருச் சிக்கலே இல்லை. பாமினியில் அடித்தபோது சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள்தான். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியது. ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். அதுவரை எந்த எழுத்துருவை அனுப்பினாலும் தேடலும் அகர வரிசையும் வேலை செய்யாது.

15. ஸ்கேலிங் 100% தான்னு சொல்றார். ஆனா அவர் திரையில மெனு, டைட்டில் எல்லாம் பெரிசா இருக்கு, எங்க சாஃப்ட்வேர் மட்டும் சின்னதா.

விண்டோஸில் ஸ்கேலிங்கைத் தவிர "டெக்ஸ்ட் சைஸ்" என்று தனியாக ஒரு நகர்த்தி இருக்கிறது, 100 முதல் 225 வரை. அக்சஸிபிலிட்டி பகுதியில் கிடைக்கும். அது டிபிஐயை மாற்றாது, அதனால் நான்காம், ஐந்தாம் பதில்களில் செய்த ஏற்பாடுகளுக்கு அது தெரியாது. உங்கள் நிரல் அந்த மதிப்பைத் தானே கேட்டு எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் எழுத்துக்கு டிபி அலகைத் தவிர்த்து எஸ்பி அலகில் அளவு கொடுக்கச் சொல்வதும் இதற்குத்தான். எஸ்பி பயனர் வைத்த எழுத்தளவோடு சேர்ந்து வளரும்.

வயதானவர்கள் கல்லாவில் உட்காரும் கடைகளில் இந்த நகர்த்தியைக் கூட்டி வைத்திருப்பதை நிறையப் பார்க்கலாம். "எழுத்து சீராக இருக்கணும்" என்று சொல்லி அதை மீறி அளவை இறுக்கிவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

16. ரிமோட் டெஸ்க்டாப்புல உள்ள போனா மட்டும் எழுத்து உடைஞ்சு தெரியுது.

ரிமோட் டெஸ்க்டாப் கிளையன்டில் எக்ஸ்பீரியன்ஸ் பகுதியில் "ஃபான்ட் ஸ்மூத்திங்" தேர்வு நீக்கப்பட்டிருக்கும், அதை டிக் செய்யுங்கள். இன்னொன்று, நீங்கள் எந்தக் கணினியிலிருந்து நுழைகிறீர்களோ அதன் ஸ்கேலிங் அந்த செஷனுக்குப் போகும். 150% லேப்டாப்பிலிருந்து தொடங்கின நிரலை அப்படியே விட்டுவிட்டு 100% கணினியிலிருந்து மறுபடி நுழைந்தால் ஏழாம் கேள்வியில் பார்த்த அதே மங்கல் வரும். நிரலை மூடித் திறந்தால் சரியாகும்.

17. ஸ்கிரீன்ஷாட் ஒப்பிடுற டெஸ்ட் என் மெஷின்ல பாஸ், பில்டு சர்வர்ல ஃபெயில். ஒரு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியல.

மூன்றாம் பதிலில் சொன்ன மூன்றாவது முடிவு இங்கே வந்து நிற்கிறது. உங்கள் கணினி விண்டோஸ், சர்வர் லினக்ஸ். எழுத்தின் ஓரப் பிக்சல்கள் வேறு. பிரவுசர் டெஸ்ட் கருவியான பிளேரைட் தன் ஒப்பீட்டுப் படங்களின் பெயரிலேயே இயங்குதளத்தையும் சேர்த்து வைப்பதற்குக் காரணம் இதுதான். மூலப் படத்தையும் ஒப்பீட்டையும் ஒரே டாக்கர் இமேஜுக்குள் எடுங்கள், எழுத்துருக்களை அந்த இமேஜுக்குள்ளேயே பதிப்பு மாறாமல் வையுங்கள். சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லாமல் எல்லாம் கட்டம் கட்டமாக வந்து, அந்தக் கட்டங்களையே மூலப் படமாக ஏற்றுக்கொண்டு டெஸ்ட் பாஸ் ஆகிக்கொண்டிருக்கும் திட்டங்களும் உண்டு. மூலப் படத்தை ஒருமுறையாவது கண்ணால் பாருங்கள்.

18. எல்லா ஸ்கிரீன்லயும் டெஸ்ட் பண்ண எங்ககிட்ட அவ்ளோ கம்ப்யூட்டர் இல்லையே?

தேவையில்லை. ஒரே மானிட்டரில் 100, 125, 150, 200 என்று மாற்றி ஒவ்வொன்றிலும் லாகவுட் செய்து உள்ளே வந்து பாருங்கள். இதில் 125-ஐ விட்டுவிடாதீர்கள். 200 சதவீதத்தில் எல்லா எண்ணும் முழு எண்ணாக இரட்டிக்கும், 125-ல்தான் பின்னங்கள் வந்து ஐந்தாம் பதிலில் பார்த்த கோணல்கள் வெளிப்படும். விற்பனையாகும் லேப்டாப்புகளில் நிறைய அந்த அளவிலேயே வருகின்றன. கூடவே, தமிழ் மொழி சேர்க்காத சுத்தமான விண்டோஸ் ஒன்றை விர்ச்சுவல் மெஷினில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்பதாம் கேள்விக்கு அதுதான் பரிசோதனைக்கூடம்.

19. திரையில எல்லாம் சரி. பில் பிரிண்டர்ல மட்டும் தமிழ் உடைஞ்சு வருதே, அதுக்கும் இதே வழிதானா?

கணக்கு அதே, டிபிஐ வேறு. 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலும் 203 டிபிஐ, அச்சாகும் அகலம் 72 மில்லிமீட்டர், அதாவது 576 புள்ளிகள். இரண்டாம் பதிலின் கணக்குப்படி 9 பாயிண்ட் அங்கே சுமார் 25 புள்ளி. பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துகளில் பெரும்பாலும் தமிழ் கிடையாது, அதனால் பில்லைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டியிருக்கிறது. திரைக்காக வரைந்த படத்தை இழுத்து அனுப்பினால் உடையும். நேராக 576 புள்ளி அகலத்தில் வரையுங்கள்.

தெர்மல் தாளில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் கிடையாது. திரையில் ஓரத்தை மென்மையாக்கிய அந்தச் சாம்பல் புள்ளிகள் இங்கே பாதி கறுப்பாகி பாதி காணாமல் போகும். வரையும்போது மென்மையாக்கலை அணைத்து, ஒரு பிக்சலுக்கு ஒரு பிட் என்ற முறையில் எழுத்தை வரையுங்கள். மெல்லிய எழுத்துரு வேண்டாம், நோட்டோ சான்ஸ் தமிழின் மீடியம் அல்லது செமிபோல்டு நன்றாக வருகிறது.